சிங்கப்பூரில் இருந்துகொண்டு அனைத்துலக உறவுக் கோட்பாடு படிப்பதென்றால்

அக்கா மகள் போன மாதம் எனக்கு ஒரு எக்செல் தாள் அனுப்பினாள். அவளுக்கு வயது 27. சாங்கியில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில், எந்த நாட்டுக்கு எந்தச் சாமானை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று பார்க்கும் பிரிவில் வேலை. 2022 மார்ச்சில், அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரஷ்யாவுக்குப் போகவேண்டிய மின்னணுப் பொருள்களை நிறுத்தி வைக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. பெட்டிகளை ஓரங்கட்டிய கையோடு ஒரு கேள்வியும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இவ்வளவு சின்ன நாடு இதை ஏன் செய்கிறது? அந்தக் கேள்விதான் அவளை இப்போது முதுநிலைப் படிப்பு வரைக்கும் இழுத்து வந்திருக்கிறது.

தாளில் ஐந்து வரிசை. பகுதிநேரமாக ஆர்எஸ்ஐஎஸ் என்ற ராஜரத்னம் அனைத்துலக ஆய்வுப் பள்ளி, முழுநேரமாக லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கென்ட் ரிட்ஜ் வளாகத்தில் ஆய்வுப் பட்டம், பிரிட்டனில் ஒரு வருடம், வீட்டிலிருந்தபடி இணையவழி. ஒவ்வொன்றுக்கும் நேரே கட்டணம், காலம், உலகத் தரவரிசை, தெம்பனிஸ் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம். கீழே ஒரு வரி: "மாமா, எதுக்கு டிக் போடலாம்?"

நான் இதே துறையில் பத்து வருடத்துக்கு முன் பகுதிநேரமாக முதுநிலை முடித்தவன். இப்போது பிழைப்பு மொழிபெயர்ப்பில். எங்கே படித்தேன் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் இது விளம்பரமாகிவிடும், இல்லாவிட்டால் புகாராகிவிடும். தாளைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, அதில் ஒரு கட்டம் குறைகிறது என்பதுதான். நீ எழுதுவதை யார் படித்து, "இது எப்படி?" என்று கேட்பார்? கோட்பாட்டுப் படிப்பில் பாதி அதுவே. இந்தத் துறையின் பெரிய கோட்பாட்டாளர் கென்னத் வால்ட்ஸ் 1979இல் எழுதிய புத்தகம் ஜூரோங்கிலும் அதேதான், லண்டனிலும் அதேதான். தேசிய நூலகத்தில் அமர்ந்து அதைப் படித்துவிடலாம். நீ புரிந்துகொண்டது சரியா என்று உன்னை மடக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நூலக அலமாரியில் கிடைக்க மாட்டார்.

ஒப்பிடுவதற்கு முன் இந்தப் படிப்பில் என்னதான் செய்வார்கள் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பலரும் இதை நடப்புச் செய்தி அலசல் என்று நினைத்துக்கொண்டு சேர்ந்து, மூன்றாவது வாரத்தில் முகம் தொங்கிப் போகிறார்கள். அக்கா மகளின் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். 2022 பிப்ரவரி 28ஆம் தேதி வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் நாடாளுமன்றத்தில், உக்ரேனுக்குள் படையோடு புகுந்த ரஷ்யா மீது சிங்கப்பூர் தடைகள் விதிக்கும் என்றார். ஐநா பாதுகாப்பு மன்றத்தின் கட்டளை எதுவும் இல்லை. அங்கே ரஷ்யாவிடம் ரத்து அதிகாரம் இருக்கும்போது கட்டளை வரவும் வராது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் வேறு எந்த நாடும் தடை விதிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஐநா பொதுச் சபை வாக்கெடுப்பில் 141 நாடுகள் ரஷ்யாவைக் கண்டிக்கும் தீர்மானத்துக்கு ஆதரவு தந்தன. வியட்நாம், லாவோஸ், இந்தியா உள்ளிட்ட 35 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன.

யதார்த்தவாதி இதற்கு என்ன சொல்வார்? உலகத்தில் நாடுகளுக்கு மேலே தலையாரி கிடையாது, அவரவர் உயிரை அவரவர்தான் காத்துக்கொள்ள வேண்டும். பெரிய நாடு பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்பது பழக்கமாகிவிட்டால் நாளை நமக்கும் அதே கதி, அதனால் செய்தார்கள் என்பார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புருணையும் சின்ன நாடுதானே, அது ஏன் செய்யவில்லை என்று கேட்டால் அவர் கொஞ்சம் நெளிவார். அமைப்புகளையும் வணிகத்தையும் பார்க்கும் தாராளவாதி, விதிமுறைகளை நம்பிப் பிழைக்கும் துறைமுகமும் நிதிச் சந்தையும் இந்தத் தீவின் ஜீவநாடி என்பதிலிருந்து தொடங்குவார். நாடுகளின் எண்ணமும் அடையாளமும்தான் அவற்றின் நடத்தையைத் தீர்மானிக்கும் என்னும் கன்ஸ்ட்ரக்டிவிஸ்ட் வரலாற்றைத் தோண்டுவார். 1979இல் கம்போடியா விவகாரத்தில் வியட்நாமை எதிர்த்தது, 1983இல் நட்பு நாடான அமெரிக்கா கிரெனடாவுக்குள் புகுந்தபோதும் ஐநாவில் எதிர்த்து வாக்களித்தது, இப்படியே நாற்பது வருடமாகத் தன்னைப் பற்றிச் சொல்லிவந்த கதையை 2022இல் மாற்றிச் சொல்ல அதற்கு வாய் வராது என்பார். 'ஆங்கிலப் பள்ளி' என்ற கோட்பாட்டு மரபுக்காரர், நாடுகளுக்கு இடையிலும் ஒரு சமுதாயம் உண்டு, அடுத்தவன் எல்லையைத் தொடாதே என்பது அந்தச் சமுதாயத்தின் அடிப்படை வழக்கம் என்று அந்த மரபின் ஹெட்லி புல் பக்கம் போவார். விமர்சனக் கோட்பாட்டாளர் ராபர்ட் காக்ஸ் வழியில் வருகிறவரோ, இந்த விளக்கங்கள் எல்லாம் யாருக்கு உதவுகின்றன என்று கேட்டு எல்லாரையும் கடுப்பேற்றுவார்.

இத்தனை பதிலையும் வரிசையாக ஒப்பிப்பது படிப்பு இல்லை. நான் அதைத்தான் செய்தேன். முதல் கட்டுரையில் இவர் இப்படிச் சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிறார், உண்மை நடுவில் இருக்கிறது என்று நயமாக முடித்துக் கொடுத்தேன். தாள் திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி. எந்தச் சான்று கிடைத்தால் இதில் எந்த விளக்கம் தோற்கும்? மதிப்பெண்ணைச் சொல்லாமல் விடுகிறேன்.

தமிழில் யோசிக்கிறவர்களுக்கு இதில் இன்னொரு தொந்தரவும் உண்டு. மேலே ஆள் இல்லாத நிலைக்கு ஆங்கிலத்தில் 'அனார்க்கி' என்பார்கள். தமிழில் 'அராஜகம்' என்று எழுதினால் பேருந்துக் கண்ணாடியை உடைக்கும் கும்பல்தான் கண்ணுக்கு வரும். வேடிக்கை என்னவென்றால் சொல்லைப் பிரித்தால் அ-ராஜ, அரசன் இல்லாதது. துறைக்கு வேண்டிய பொருள் அட்சரம் பிசகாமல் அதுதான், நம் பழக்கம் அதைக் கெடுத்து வைத்திருக்கிறது. கன்ஸ்ட்ரக்டிவிசத்தின் பாடு அதைவிட மோசம். அதைக் 'கட்டமைப்புவாதம்' என்று எழுதுகிறார்கள். வால்ட்ஸின் கோட்பாட்டுக்கும் 'கட்டமைப்பு யதார்த்தவாதம்' என்றுதான் பெயர். அடித்துக்கொள்ளும் பங்காளிகள் இரண்டு பேருக்கும் ஒரே பெயர் வைத்தது போல. அதனால்தான் நான் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டேன்.

சரி, வரிசைக்கு வருவோம்.

எஸ். ராஜரத்னம் பெயரில், ஜூரோங் பக்கம் உள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஆர்எஸ்ஐஎஸ்ஸை முதலில் எடுக்கிறேன். 1996இல் தற்காப்பு, உத்திபூர்வ ஆய்வுக் கழகமாகத் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் பின்னால் அதிபரான எஸ். ஆர். நாதன். 2007இல் முதல் வெளியுறவு அமைச்சரின் பெயரைச் சூட்டிப் பட்டக் கல்லூரியாக விரித்தார்கள். அனைத்துலக உறவு, உத்தி ஆய்வு, அனைத்துலக அரசியல் பொருளாதாரம், ஆசிய ஆய்வு என்று முதுநிலைப் படிப்புகள் தனித்தனியாக உண்டு. முழுநேரமானால் ஒரு வருடம், பகுதிநேரமானால் இரண்டு. கோட்பாடு படிக்க வேண்டும் என்பவர் அனைத்துலக உறவைத்தான் எடுக்க வேண்டும். உத்தி ஆய்வு கவர்ச்சியாகத் தெரியும். அதன் மையம் போர், படை, அச்சுறுத்தல். கோட்பாடு அங்கே கூடவரும் விருந்தாளி.

இந்த இடத்தின் பலம், தென்கிழக்காசியாவை ஓரத்து உதாரணமாக வைக்காமல் நடுவில் வைத்துக் கோட்பாடு பேசும் மரபு. ஆசியான் என்பது வெறும் பேச்சுக் கூடமா, இல்லை உறுப்பினர்களின் எண்ணத்தையே மாற்றிய சமூகமா என்ற சண்டை இங்கே பழையது. மைக்கேல் லைஃபர் போன்ற யதார்த்தவாதிகள் ஒரு பக்கம், 2001இல் ஆசியானைப் பாதுகாப்புச் சமூகமாகப் பார்க்கலாம் என்று வாதாடிய அமிதாவ் ஆச்சார்யா மறுபக்கம். இங்கே பணியாற்றிய அதே ஆச்சார்யாவும் பிரிட்டனின் பேரி புசானும் 2007இல் மேலையல்லாத அனைத்துலக உறவுக் கோட்பாடு ஏன் இல்லை என்று கேட்டுத் தொடங்கிவைத்த விவாதம் இன்னும் அடங்கவில்லை. லண்டன் வகுப்பில் இதற்கு ஒரு வாரம் ஒதுக்கினால் பெரிது. இங்கே அது காற்றில் இருக்கிறது.

அடுத்த பலம் பகுதிநேர வகுப்புக்கு வரும் ஆள்கள். ராணுவ அதிகாரி, அமைச்சில் வேலை பார்ப்பவர், வங்கிக்காரர், வெளிநாட்டு மாணவர் எல்லாரும் ஒரே மேசையில் உட்காரும்போது கோட்பாடு எப்படி உயிர் பெறும் என்பதற்கு ஒரு மாலையைச் சொல்கிறேன். நான் படித்த வகுப்பில் 'நச்சு இறால்' வந்தது. பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும், சின்ன மீன் இறாலைத் தின்னும், சிங்கப்பூர் நஞ்சுள்ள இறாலாக இருக்க வேண்டும் என்று லீ குவான் யூ 1966இல் சொன்னது. நேராக முகாமிலிருந்து வந்த ஓர் அதிகாரி, யதார்த்தவாதத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இருக்க முடியாது என்று நாற்காலியில் சாய்ந்தார். எதிரே ஒரு பெண், அதுவரை வாயே திறக்காதவர், மெதுவாகக் கேட்டார்: "நஞ்சு இருப்பது மீனுக்குத் தெரியாவிட்டால்?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மீன் விழுங்கிவிட்டுச் சாகும். ஆனால் இறாலும் செத்துவிடுமே. அப்படியென்றால் இறாலைக் காப்பாற்றுவது நஞ்சு இல்லை, நஞ்சு இருக்கிறது என்று மீனும் இறாலும் சேர்ந்து அறிந்து வைத்திருப்பது. அது பொருளா, எண்ணமா? யதார்த்தவாதிக்குச் சொந்தமா, கன்ஸ்ட்ரக்டிவிஸ்டுக்குச் சொந்தமா? அன்றைக்கு ஒன்பதரை மணிக்குத்தான் அறையைப் பூட்டினார்கள். கன்ஸ்ட்ரக்டிவிஸ்டான அலெக்சாண்டர் வெண்ட் 1992இல் எழுதிய கட்டுரையை நான் அதற்கு முன் மூன்று தடவை படித்திருந்தேன். புரிந்தது அன்றைக்குத்தான்.

குறை இல்லாமல் இல்லை. கொள்கை ஆய்வுக் கூடமும் கல்லூரியும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் நேற்றைய செய்திக்கு இன்று கருத்து எழுதும் வேகம் மாணவர்களையும் தொற்றிக்கொள்ளும். எண்ணூறு சொல்லில் விமர்சனக் கட்டுரை எழுதிப் பழகிய கைக்கு ஆய்வுக் கட்டுரை வராது. அப்புறம் பயணம். தெம்பனிஸிலிருந்து பூன் லே வரை கிழக்கு மேற்கு ரயில்பாதையில் இருபத்தைந்து நிறுத்தம், அங்கிருந்து 179 அல்லது 199. வேலை முடிந்து போய் வகுப்பு முடிந்து வீடு சேரும்போது மறுநாள் பக்கத்தில் வந்திருக்கும். ஜூரோங் வட்டார ரயில்பாதை இன்னும் கட்டுமானத்தில்தான் இருக்கிறது. நான் ரயிலில் படித்தே பாதி வாசிப்பை முடித்தேன் என்று பெருமையாகச் சொல்லலாம், ஆனால் கிளமெண்டி தாண்டினால் தூங்கிவிடுவேன் என்பதும் உண்மை.

இனி லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளி. 2004இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியது, புக்கிட் தீமாவில் பழைய ராஃபிள்ஸ் கல்லூரி இருந்த வளாகத்தில். பூமலை ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். இங்கே பொதுக் கொள்கைப் பட்டங்களோடு அனைத்துலக விவகாரத்துக்கென்றும் ஒரு முதுநிலைப் பட்டம் தருகிறார்கள். முழுநேரம்.

அக்கா மகளின் கேள்வி இங்கே வேறு மாதிரி வரும். "2022இல் நீ அமைச்சின் அதிகாரி. அமைச்சர் நாளைக் காலை முடிவெடுக்க வேண்டும். இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடு." கோட்பாடு இங்கே கருவிப்பெட்டி. எந்தத் திருப்புளி எந்த ஆணிக்கு என்று தெரிந்தால் போதும், திருப்புளி எதனால் செய்தது என்று ரொம்ப நோண்டினால் நேரம் போய்விடும். இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. இரண்டு பக்கத்தில் ஒரு முடிவை நியாயப்படுத்துவது இருபது பக்கம் எழுதுவதைவிடக் கஷ்டம். பல நாட்டு அரசாங்கங்களில் வேலை பார்த்தவர்கள் கூடப் படிப்பார்கள். அந்தப் பழக்கம் பின்னால் எதற்கெல்லாமோ உதவும். பொருளாதாரமும் புள்ளியியலும் கொஞ்சம் தெரிந்துகொண்டு வரலாம். ஆனால் இவளுக்குக் கோட்பாட்டின் மேல்தான் கண். 'ஏன்' என்று கேட்டு வந்த ஆளுக்கு 'அடுத்து என்ன செய்யலாம்' என்று சொல்லிக் கொடுத்தால் வயிறு நிறையாது. வேலையையும் விட வேண்டும். என் தாளில் இதற்கு அவளைப் பொறுத்தவரை டிக் இல்லை. அரசாங்க வேலையில் இருந்துகொண்டு படிப்பு விடுப்பும் உதவித்தொகையும் வாங்கக்கூடிய ஒருவருக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

வேலை என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தப் படிப்பு முடித்தால் வெளியுறவு அமைச்சில் எடுத்துக்கொள்வார்களா என்று அக்கா தனியாக எனக்குப் போன் செய்து கேட்டாள். வெளியுறவுச் சேவை அதிகாரி வேலைக்கு எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். இன்னும் வேடிக்கையாகச் சொன்னால், இந்த நாட்டின் வெளியுறவு அமைச்சர்களில் நம்மவர்கள் வரிசையைப் பாருங்கள். ராஜரத்னம் சட்டம் படிக்க லண்டனுக்குப் போய்ப் பத்திரிகையாளரானவர். தனபாலன் பொருளாதாரம். ஜெயக்குமாரும் சண்முகமும் சட்டம். பாலகிருஷ்ணன் கண் மருத்துவர். ஒருவர்கூட அனைத்துலக உறவுக் கோட்பாட்டில் பட்டம் வாங்கியவர் கிடையாது. "அப்ப எதுக்குடா இவ்வளவு காசு செலவு பண்ணி?" என்றாள் அக்கா. கேள்வி மனதில் ஒட்டிக்கொண்டவர்களுக்காக, என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை.

கென்ட் ரிட்ஜ் வளாகத்தில் அரசியல் அறிவியல் துறையில் ஆய்வு வழியாகப் பட்டம் செய்வது முற்றிலும் வேறு கணக்கு. வகுப்புகள் உண்டு, ஆனால் பட்டம் நிற்பது ஆய்வேட்டின் மேல். சேரும்போதே என்ன ஆராயப் போகிறாய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், வழிகாட்ட ஒரு பேராசிரியருக்கு அதில் ஆர்வம் பிறக்க வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'அமெரிக்க-சீனப் போட்டியில் சிங்கப்பூரின் நிலை' என்று எழுதிக்கொண்டு போவார்கள். அது தலைப்பு, கேள்வி இல்லை. அக்கா மகளின் பெட்டிகளிலிருந்து ஒரு கேள்வியை எடுக்கலாம். பொதுச் சபையில் ரஷ்யாவுக்கு எதிராக வாக்களித்த ஆசியான் நாடுகளில் ஒன்று மட்டும் தடை வரைக்கும் போனதற்கு எது காரணம்? வணிகத் தொடர்பா, ஆயுதம் வாங்கும் இடமா, உள்நாட்டு ஆட்சி முறையா, தன்னைப் பற்றி ஒரு நாடு வைத்திருக்கும் பிம்பமா? இப்போது ஒப்பிட நாடுகள் இருக்கின்றன, ஒன்றை ஒன்று வெட்டக்கூடிய விளக்கங்கள் இருக்கின்றன, ஒரு விளக்கம் தோற்க வாய்ப்பும் இருக்கிறது. பென்சிலில் எனக்கு வந்த கேள்விக்கு இது பதில் சொல்லும். குறைந்தபட்சம் இதற்கு ஆய்வு முறையில் பயிற்சி வேண்டும். பேட்டி எடுப்பது, ஆவணம் படிப்பது, ஆராய வேண்டிய உதாரணங்களைத் தேர்ந்தெடுப்பது எல்லாம். உன்னைக் கேள்வி கேட்கும் ஆள் இங்கே ஒருவர்தான். ஆனால் அந்த ஒருவர் வரிக்கு வரி படிப்பார். அவர் உன் விஷயத்தில் ஊறியவராக இருந்தால் இதைப்போல ஒன்று கிடைக்காது. இடையில் அவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போய்விட்டால் அம்போ. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படி ஆனது. எந்த ஊர், எந்த இடம் என்பது வேண்டாம்.

பிரிட்டனில் ஒரு வருடம் என்பது எல்லாருக்கும் இருக்கும் கனவு. இந்தப் பாடத்துக்கென்று உலகத்தில் முதல் பேராசிரியர் பதவி 1919இல் வேல்ஸில், அபரிஸ்ட்வித்தில்தான் ஏற்பட்டது. முதல் உலகப் போரில் செத்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த துறை இது. அந்த வாசனை பிரிட்டிஷ் வகுப்புகளில் இன்னும் இருக்கும். வரலாறு, தத்துவம், விமர்சனக் கோட்பாடு, பெண்ணியம், காலனியம் எல்லாம் அங்கே கனமாக வரும். அக்கா மகளின் கேள்வியை அங்கே வைத்தால், "சின்ன நாடு என்று யார் பெயர் வைத்தார்கள்? அப்படிச் சொல்லிக்கொள்வதால் அந்த நாட்டு அரசுக்கு உள்ளூரில் என்ன லாபம்?" என்று திருப்பிப் போடுவார்கள். இங்கே அந்தக் கேள்வி அவ்வளவு சுலபமாக எழாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்கா வேறு உலகம். அங்கே கோட்பாட்டுக்கு முக்கிய வாசல் முனைவர் பட்டம்தான். ஐந்தாறு வருடம், நிறையப் புள்ளியியல், தரவு, விளையாட்டுக் கோட்பாடு (கேம் தியரி). நிதி உதவியோடு இடம் கிடைத்தால் போகலாம், ஆனால் அது பேராசிரியர் ஆகப் போகிறவர்களின் பாதை. டெல்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் அனைத்துலக ஆய்வுப் பள்ளி 1955இல் தனி நிறுவனமாகத் தொடங்கி, பிறகு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கும் நண்பர்கள் அதைத் தங்கள் தாளில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் வேலையில் இருப்பவருக்கு அது வழியில் இல்லை.

பிரிட்டனின் சிக்கல், வருடம் ஓடிப்போகும் வேகம். செப்டம்பரில் போய் இறங்கி, குளிருக்கு மேல்சட்டை வாங்கி, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் முதல் பருவம் முடிந்திருக்கும். கட்டணத்தோடு வாடகையையும் ஒரு வருடச் சம்பள இழப்பையும் கூட்டிப் பார்த்தால் தாளில் அவள் போட்டிருந்த எண் பொய்யாகத் தெரியும். கட்டணம் என்ற கட்டத்தில் சம்பளத்தைச் சேர்க்காதது அந்தத் தாளில் இருந்த பெரிய தப்பு. மேலே முனைவர் பட்டம் என்று தீர்மானமாக இருப்பவர் அந்தச் செலவைச் செய்யலாம். பரிந்துரைக் கடிதம், ஆய்வுத் தொடர்பு எல்லாம் அதில் வந்துவிடும். 'பார்க்கலாம்' என்று இருப்பவர் செய்யக் கூடாது.

இணையவழிப் படிப்பு பற்றி நிறையச் சொல்ல எனக்கு மனமில்லை. முதுநிலைக்கு முன்னால் நான் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் இணையவழிச் சான்றிதழில் சேர்ந்தேன். காணொளிகள் நன்றாக இருந்தன. விவாதப் பகுதியில் நான் போட்ட கேள்விக்கு நான்கு மாதம் கழித்து ஒரு பதில் வந்தது, "நல்ல கேள்வி" என்று. நேரலையில் வகுப்பு நடத்தி, ஒவ்வொருவரையும் பேச வைத்து, கட்டுரையைத் திருத்தித் தரும் இடங்களும் இருக்கலாம். சேருமுன் ஒரு வகுப்பில் எத்தனை பேர், கட்டுரையை யார் திருத்துவார், எத்தனை நாளில் திரும்பி வரும் என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

எங்கும் சேராமல் தானாகவே படிப்பதையும் தாளில் ஆறாவது வரிசையாகச் சேர்க்கச் சொன்னேன். விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகக் கட்டடத்தில் லீ கொங் சியான் நூலகம் இருக்கிறது. கென்ட் ரிட்ஜ் பக்கம், 1968இல் தொடங்கிய யூசோஃப் இஷாக் ஆய்வு நிலையத்தின் நூலகம் தென்கிழக்காசியாவுக்கு ஒரு புதையல். 1939இல் ஈ. எச். கார், 1948இல் ஹான்ஸ் மார்கெந்தாவ், 1977இல் புல், 1979இல் வால்ட்ஸ், 1989இல் சிந்தியா என்லோ, 1992இல் வெண்ட் என்று ஆறு பேரை ஆறு மாதம் படித்துவிட்டு, அதற்கு அப்புறமும் ஆசை இருந்தால் விண்ணப்பிக்கலாம். என்லோவை விடாதே என்று குறிப்பாகச் சொன்னேன். ராணுவத் தளம், தூதரகம், வாழைத் தோட்டம் எல்லாவற்றிலும் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவர் கேட்ட பிறகு, முன்னால் படித்த நாலு பேரும் கொஞ்சம் வேறாகத் தெரிவார்கள்.

இதில் நமக்கென்று ஒரு பொறியும் உண்டு. யதார்த்தவாதத்தைப் படித்ததும் தமிழ் படித்தவருக்குக் கை துறுதுறுக்கும். திருக்குறளில் வலியறிதல் அதிகாரம் இருக்கிறதே; செயலின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணை வலி என நான்கையும் தூக்கிப் பார்க்கச் சொன்னது வால்ட்ஸுக்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால் ஆயிற்றே என்று. நானும் எழுதினேன். வகுப்பில் எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். நாங்கள்தான் முதலில் என்பது வாதம் ஆகாது. ஆனால் அந்தக் குறளில் துணைவலி தனியாக எண்ணப்படுகிறது, கூட்டாளியின் பலத்தை வால்ட்ஸ் எங்கே வைக்கிறார், இரண்டுக்கும் என்ன வித்தியாசம், எது 2022ஐ நன்றாக விளக்குகிறது என்று போனால் அது வாதம். ஆச்சார்யாவும் புசானும் கேட்ட கேள்விக்கு அப்படித்தான் பதில் எழுத முடியும். அந்த மாதிரிக் கட்டுரையை ஏற்று, அதோடு சண்டை போடவும் ஆள் இருக்கும் இடம் ஜூரோங் என்பது என் எண்ணம். வேறு இடத்தில் படித்தவர்கள் மறுக்கலாம்.

ஆக அவளுக்கு நான் சொன்னது ஆர்எஸ்ஐஎஸ் பகுதிநேரம், அனைத்துலக உறவு. இரண்டு நிபந்தனையோடு. கோட்பாட்டுப் பாடம் நடக்கும் நேரம் அவள் வேலை நேரத்தோடு மோதாமல் இருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். தேர்வுப் பாடங்களில் செய்தித்தாள் வாடை வீசுவதைத் தவிர்த்து, நீண்ட கட்டுரை எழுத வைக்கும் ஆசிரியர்களாகப் பார்த்து எடுக்க வேண்டும். இரண்டு வருடம் முடியும்போது அந்தப் பெட்டிக் கேள்வி இன்னும் உயிரோடு இருந்தால் கென்ட் ரிட்ஜோ அபரிஸ்ட்வித்தோ அப்போது யோசிக்கலாம். அதைக் கேட்டுவிட்டு அவள் ஒரு மறுப்பும் சொன்னாள். "மாமா, நீங்க உங்க வகுப்புல கிடைச்ச இறாலுக்காக என்னை ஜூரோங் வரைக்கும் அனுப்புறீங்க." கொஞ்சம் உண்மைதான். அடுத்த வகுப்பில் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நேற்று தாளின் புதுப் பிரதி வந்தது. தரவரிசைக் கட்டத்தை எடுத்துவிட்டாள். கட்டணத்தில் சம்பள இழப்பைச் சேர்த்திருக்கிறாள், பிரிட்டன் வரிசை சிவப்பாக இருந்தது. கடைசியில் புதிதாக ஒரு கட்டம், 'யார் படிப்பார்?' என்று. அதில் ஆர்எஸ்ஐஎஸ்ஸுக்கு நேரே கேள்விக்குறி போட்டு, அடுத்த தகவல் நாளில் கேட்க ஐந்து கேள்வி எழுதி வைத்திருக்கிறாள். பரிந்துரைக் கடிதத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அவளுடைய மேலாளர். இன்னொருவருக்கு, பட்டப் படிப்பில் தனக்குப் பாடம் எடுத்தவர் தன்னை இன்னும் ஞாபகம் வைத்திருப்பாரா என்று தெரியாமல் மின்னஞ்சலை எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறாள்.